கயிறா, பட்டனா? ஜெனரேட்டர் வாங்கும் முன் யோசியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, மேஜை போட்டு, யு.பி.எஸ்.ஸும் மாட்டியாகிவிட்டது. முதல் முறை கரண்ட் போகும்போது யு.பி.எஸ். 'கீ... கீ...' என்று கத்துகிறது. பத்து, பதினைந்து நிமிடத்தில் அதுவும் அடங்கிவிடுகிறது. அப்போதுதான் பலருக்கும் "அடுத்து என்ன வாங்கலாம்?" என்ற கேள்வி வருகிறது. கடையில் கேட்டால் பெட்ரோலில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைக் காட்டுகிறார்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடல் ஒரு விலை, பட்டன் அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் மாடல் அதைவிடக் கூடுதல், ரிமோட் வைத்தது இன்னும் கூடுதல். நம் ஆட்களுக்கு ரிமோட் என்றால் தனி ஆசை. அங்கேதான் நான் தடுக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. உங்களிடம் இருப்பது லேப்டாப்பும் இன்டர்நெட் மோடமும் மட்டும்தான் என்றால், வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்டிருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரே போதும். ஜெனரேட்டர் உங்களுக்குத் தேவையில்லை. டெஸ்க்டாப்பை நாள் முழுக்க ஓட்டியாக வேண்டியவர்கள், வீட்டிலிருந்தே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், புயல் அடிக்கடி வந்து போகும் கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் இந்தக் கட்டுரை.

பெயரில் உள்ள குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'இன்வெர்ட்டர்' என்றால் ஹாலின் மூலையில் பெரிய பேட்டரியோடு இருக்கும் பெட்டி. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் அதுவல்ல. சாதாரண ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வர வேண்டுமானால் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற கணக்கில் நிலையாகச் சுற்ற வேண்டும். வேகம் கூடிக் குறைந்தால் கரண்டும் ஆடும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினாலும், வரும் கரண்ட் முதலில் டி.சி.யாக மாற்றப்பட்டு, பிறகு ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் அதைச் சுத்தமான 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாகத் திருப்பித் தருகிறது. லோடு குறைந்தால் எஞ்சினும் மெதுவாக ஓடும். அதனால் சத்தம் குறைவு, பெட்ரோல் மிச்சம். கம்ப்யூட்டருக்கு இதுதான் ஏற்றது என்பதில் சந்தேகமே இல்லை. பழைய வகை ஜெனரேட்டரில் மாட்டினால் பல யு.பி.எஸ்.கள் 'கரண்ட் வந்துவிட்டது' என்றே ஒப்புக்கொள்ளாமல் தன் பேட்டரியிலேயே ஓடி, கடைசியில் அணைந்துபோகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்டார்ட் செய்யும் முறை ஏன் இவ்வளவு முக்கியம்?

நான் பத்தாம் வகுப்பு படித்த 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. அப்போது ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர்கள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கயிறு இழுப்பார்கள். தினமும் ஓடும் எஞ்சின் தொந்தரவு தராது. இழுத்தவுடன் ஓடும். இன்று நிலைமை வேறு. மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள், மழைக்காலத்தில் சில இரவுகள், பிறகு ஏதாவது ஒரு புயல். இவ்வளவுதான். உங்கள் ஜெனரேட்டர் வருடத்தில் 350 நாள் மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போர்த்தித் தூங்கப் போகிறது. தூங்கி எழும் நாளில் அது ஓட வேண்டும். 'எவ்வளவு சுலபமாக ஸ்டார்ட் ஆகும்?' என்பதை விட 'ஆறு மாதம் சும்மா கிடந்த பிறகும் ஸ்டார்ட் ஆகுமா?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களிடம் யு.பி.எஸ். இருக்கிறது. கரண்ட் போன அடுத்த விநாடியே ஜெனரேட்டர் ஓடித் தீர வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை. ஃபைலை சேவ் செய்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே போய், நிதானமாக இழுக்கப் பத்து நிமிடம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் ரிமோட் மாடலுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறீர்கள். ஏற்கெனவே யு.பி.எஸ்.ஸுக்குக் காசு கொடுத்து வாங்கிய நேரம் அது!

கயிறு முறையை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் ஒரு பக்கத்தில் ஒரு சக்கரத்தில் கயிறு சுற்றியிருக்கும். இழுத்தால் சக்கரத்தில் உள்ள கொக்கிகள் எஞ்சினைப் பிடித்துச் சுற்றும். விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கயிற்றைத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். இதற்கு ரீகாயில் ஸ்டார்ட்டர் என்று பெயர். இதில் அழகான விஷயம், பேட்டரியே கிடையாது. பிளக்கில் தீப்பொறி வருவதற்கான கரண்டையும் நீங்கள் இழுக்கும் அந்தச் சுற்றே உண்டாக்கிக்கொள்கிறது. பெட்ரோல், காற்று, உங்கள் கை. இந்த மூன்றும் இருந்தால் ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும். ஆகாவிட்டால் தேட வேண்டிய இடங்களும் குறைவு.

"அம்மாடி, கயிறு இழுப்பதா?" என்று பயப்பட வேண்டாம். வயலில் ஓடும் டீசல் எஞ்சினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றுவதை மனதில் வைத்துப் பலர் பயப்படுகிறார்கள். இவை சின்ன எஞ்சின்கள். ஹோண்டாவின் இ.யூ. 10ஐ மாடலில் 50 சி.சி. எஞ்சின், எடை 13 கிலோ. இ.யூ. 22ஐ மாடலில் 121 சி.சி., எடை 21 கிலோ. யமஹாவின் இ.எஃப். 2000ஐ.எஸ். 20 கிலோ. இந்த அளவில் உள்ளவை பெரும்பாலும் கயிறு மட்டுமே வைத்து வருபவை. அதற்குக் காரணம் உண்டு. ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகும் பொருளில் பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்தால் தூக்கும் வசதி போய்விடும். பட்டன் வேண்டும் என்றால் பெரும்பாலும் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். ஹோண்டாவின் இ.யூ. 30ஐ.எஸ். பட்டனும் கயிறும் சேர்ந்து வருவது, எடை ஏறக்குறைய 60 கிலோ. மாடிப்படியில் ஒரு ஆள் தூக்க முடியாது. ஒரு டெஸ்க்டாப், மானிட்டர், மோடம், ஒரு ஃபேன், இரண்டு லைட்டுக்கு ஒரு கே.வி.ஏ. அளவே தாராளம். ஆக, பட்டனுக்கு ஆசைப்பட்டுத் தேவையை விட மூன்று மடங்கு பெரிய மிஷினை வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இழுக்கும் முறையைப் பெரும்பாலும் கடையில் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் கயிற்றுக்குக் கெட்ட பெயர். ஜெனரேட்டரைச் சமதளத்தில் வையுங்கள். சாய்ந்திருந்தாலோ ஆயில் குறைந்திருந்தாலோ உள்ளே இருக்கும் ஆயில் சென்சார் எஞ்சினை ஓட விடாது. நூறு முறை இழுத்தாலும் அவ்வளவுதான். டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருந்தால் திறந்து வைக்க வேண்டும். இதை மறந்தால் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். பெட்ரோல் திறப்பு, எஞ்சின் சுவிட்ச், சோக் இவற்றைப் போடுங்கள். எந்த பிளக்கும் மாட்டியிருக்கக் கூடாது. இப்போது கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கனமாகத் தட்டுப்படும். அங்கே நிறுத்தி, ஒரே வீச்சில் விறுக்கென்று இழுக்க வேண்டும். முழுக் கயிறும் வெளியே வரும்வரை இழுக்க வேண்டியதில்லை. கயிற்றைக் கைவிட்டுப் 'படார்' என்று அடிக்க விடாமல் கையோடு திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள். கயிறு அறுவதும் ஸ்பிரிங் உடைவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையில் காட்டும் அலட்சியத்தால்தான். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இரண்டு மூன்று இழுப்பில் ஓடும். ஓடியதும் சோக்கைப் படிப்படியாகத் தள்ளி விடுங்கள்.

இன்டர்நெட்டில் விமர்சனம் படித்துவிட்டு "பட்டன்தான் நல்லதாம்" என்று வருபவர்களுக்கு ஒரு தகவல். அந்த விமர்சனங்களில் நிறைய அமெரிக்கா, கனடா ஆட்கள் எழுதுபவை. அங்கே பனிக்காலத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, கயிறு இழுப்பது உண்மையிலேயே கஷ்டம். நம் ஊரில் மார்கழியிலும் அந்தப் பிரச்சினை கிடையாது. இங்கே எதிரி குளிர் அல்ல, வெயில். அந்த வெயில் கயிற்றை ஒன்றும் செய்வதில்லை. பேட்டரியைத்தான் கெடுக்கும்.

பட்டன் மாடலில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. பெரும்பாலானவற்றில் உங்கள் யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் அதே இனத்தைச் சேர்ந்த சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரி. யு.பி.எஸ். பேட்டரி எத்தனை வருடம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று வருடம் என்பார்கள். அது எப்போதும் சார்ஜில் இருந்தும் அந்த ஆயுள். ஜெனரேட்டர் பேட்டரி சார்ஜ் ஆவது எஞ்சின் ஓடும்போது மட்டும். மற்ற நாட்களில் சும்மா இருந்தாலே மாதத்துக்குச் சில சதவீதம் தானாக இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தகரக் கூரை போட்ட ஷெட்டில் சித்திரை மாதம் எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பல மாதம் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். அதன் பிறகு சார்ஜர் போட்டாலும் முழுதாக எழுந்திருக்காது.

ரிமோட் மாடலில் இது இன்னும் ஒரு படி மோசம். ரிமோட்டின் சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்க உள்ளே ஒரு ரிசீவர் இருக்கிறது. அது எந்நேரமும் அதே பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். அதை அணைக்கத் தனி சுவிட்ச் இருந்தால் அணைத்து வைக்க வேண்டும். அணைத்து வைத்தால் ரிமோட் வேலை செய்யாது. எதற்கு ரிமோட் வாங்கினோம் என்று நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"இப்போது வரும் பைக், ஸ்கூட்டர் பலவற்றில் கிக்கரே இல்லையே, எல்லாம் செல்ஃப்தானே ஓடுகிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்கூட்டர் தினமும் ஓடுகிறது, பேட்டரி தினமும் சார்ஜ் ஆகிறது. அதே ஸ்கூட்டரை ஆறு மாதம் வெளியூர் போய்விட்டு வந்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். 'டிக்... டிக்...' என்ற சத்தம்தான் வரும். ஜெனரேட்டர் என்பது எப்போதுமே வெளியூர் போய்விட்டவரின் ஸ்கூட்டர்.

இந்த இடத்தில் கஜா புயலைச் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் டேங்க் நிரப்பவும் செல்போன் சார்ஜ் செய்யவும் ஜெனரேட்டர் தேடி அலைந்த நாட்கள் அவை. அந்தப் பக்கத்தில் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் பிறகு பேசிக்கொண்டிருந்தபோது, "எதுண்ணே நிறைய ரிப்பேருக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். "எது வந்தா என்ன தம்பி, கயிறு அறுந்துச்சுன்னா நைலான் கயிறு வாங்கி அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்தேன். பேட்டரி போச்சுன்னா எந்தக் கடையைத் திறக்கச் சொல்றது?" என்றார். புயல் நேரத்துக்கு என்று வாங்கும் பொருள், புயலில் மூடிக் கிடக்கும் கடையை நம்பி இருக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரிய காரணம் பேட்டரியும் அல்ல, கயிறும் அல்ல. பெட்ரோல்தான். இதைச் சொல்லாமல் கயிறா பட்டனா என்று சண்டை போடுவதில் பயனில்லை. கார்புரேட்டரில் தேங்கி நிற்கும் பெட்ரோல் சில மாதங்களில் ஆவியாகி, மீதி பசை போலப் படியும். அதில் இருக்கும் ஜெட் என்ற நுண்ணிய துளை ஊசி முனை அளவுதான். அதில் பசை ஏறினால் பெட்ரோல் உள்ளே போகாது. போதாக்குறைக்கு, எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023-ல் சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தினமும் டேங்க் காலியாகி நிரம்பும் பைக்குக்கு அது பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் கார்புரேட்டருக்கு அது நல்லதல்ல. பழைய மாடல் ஜெனரேட்டர் கையேடுகள் பலவற்றில் எத்தனால் 10 சதவீதம் வரை என்றுதான் எழுதியிருக்கும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டன் எஞ்சினைச் சுற்றத்தான் செய்யும், எரிய வைக்காது. ஜெட் அடைத்துக்கிடக்கும் எஞ்சினில் பட்டனை விடாமல் அழுத்தினால் பேட்டரியும் சேர்ந்து போகும். கயிறு என்றால் கை வலிக்கும்போது நிறுத்திவிட்டு 'ஏதோ கோளாறு' என்று யோசிப்போம். பட்டனில் அந்த யோசனை பேட்டரி இறங்கிய பிறகுதான் வரும்.

இதற்கு வைத்தியம் சுலபம். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து நிறுத்தாதீர்கள். பெட்ரோல் திறப்பை மட்டும் மூடிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து நிற்கும். சில மாடல்களில் இதற்கென்றே சுவிட்சில் தனி நிலை இருக்கிறது. நீண்ட நாள் வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்க்கையும் காலி செய்து, அந்தப் பெட்ரோலை பைக்கில் ஊற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை, கேஸ் புக் செய்யும் நாள் போல ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொண்டு, புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிப் பதினைந்து நிமிடம் லோடு போட்டு ஓட்டுங்கள். பட்டன் மாடல் வைத்திருப்பவர்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேட்டரி நிறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் சார்ஜர் வாங்கி அவ்வப்போது போட்டு வைக்க வேண்டும்.

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்கள் நம் நாட்டில் பல வருடம் விற்றன. வீட்டில் பழையது ஒன்று கிடந்தால், அணைக்கும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டிவிட்டு அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்று, அடுத்த முறை எவ்வளவு இழுத்தாலும் ஓடாது. ஆனால் அவை இன்வெர்ட்டர் வகை அல்ல. கம்ப்யூட்டருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பட்டன் யாருக்குமே வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது அம்மா. ஒரு தோளில் வலி, கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. கயிற்றை விறுக்கென்று இழுக்கச் சொல்ல முடியுமா? கரண்ட் போகும்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கைக்கு ஏற்றதாகத்தான் ஜெனரேட்டர் இருக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் கட்டுமஸ்தான இளைஞன் உங்கள் வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு இருக்கப் போவதில்லை. வயதானவர்கள், முதுகு வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், இதயத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பட்டன் வசதி ஆடம்பரம் அல்ல. ஆனால் இரண்டு நிபந்தனை. பட்டனோடு கயிறும் கட்டாயம் இருக்க வேண்டும். மாதா மாதம் பேட்டரியைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது முடியாது என்றால் பட்டன் வெறும் அலங்காரம்.

வலி இல்லாதவர்கள், ஆனால் 'பெண்களால் முடியாது' என்று வீட்டு ஆண்கள் முடிவு கட்டிவிடுபவர்கள் நிறைய. ஐம்பது சி.சி. எஞ்சினை இழுக்கத் தேவைப்படுவது பலம் அல்ல, பழக்கம். சின்ன எஞ்சின்கள் பலவற்றில், இழுக்கும் வேகத்தில் மட்டும் சிலிண்டரின் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பும் உள்ளேயே இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறைத்த கைகளுக்கு இது ஒன்றுமே இல்லை. சொல்லிக் கொடுத்தால் போதும்.

ரிமோட்டைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். அமெரிக்கச் சந்தையில் வெஸ்டிங்ஹவுஸ் ஐஜென் 4500 போன்ற மாடல்கள் கயிறு, பட்டன், ரிமோட் மூன்றும் வைத்து வருகின்றன. தோட்டத்தின் கோடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து ஸ்டார்ட் செய்ய அது வசதி. நம் வீடுகளில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே, பால்கனியில், சமையலறைக்குப் பின்னால் உள்ள வாஷிங் ஏரியாவில். பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இன்வெர்ட்டர் மாடல் சத்தம் போடாது என்பதால் 'இது சாது' என்று நினைத்து உள்ளே வைப்பவர்கள் அதிகம். சத்தம் குறைந்தாலும் விஷம் குறையாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக் குழாய் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் அளவு. வாயு கூடினால் தானாக நிற்கும் சென்சார் வைத்த மாடல்களும் வருகின்றன. அது இருந்தாலும் தூரம் தூரம்தான்.

கயிறு இழுக்கப் போகும் ஆள் ஜெனரேட்டரின் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். மேலே போட்ட சாக்கு எடுக்கப்பட்டதா, அருகில் துணி காய்கிறதா, குழந்தை விளையாடுகிறதா, புகை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணில் படும். ரிமோட்டில் கட்டிலில் படுத்தபடியே ஸ்டார்ட் செய்துவிடலாம். நேற்று மழைக்குப் பயந்து யாரோ அதை உள்ளே இழுத்து வைத்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு காரணத்துக்காகவே, நெருக்கமான வீட்டில் ரிமோட் மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது வரிசை ஒன்று உண்டு. கரண்ட் போனதும் ஃபைலை சேவ் செய்யுங்கள். யு.பி.எஸ். கம்ப்யூட்டரைத் தாங்கிக்கொண்டிருக்கட்டும். ஜெனரேட்டரை லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடம் நிலையாக ஓட விட்டு, பிறகு யு.பி.எஸ்.ஸின் பிளக்கை ஜெனரேட்டரில் மாட்டுங்கள். கம்ப்யூட்டரை நேரடியாக மாட்ட வேண்டாம், யு.பி.எஸ். நடுவில் இருக்கட்டும். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றாலும் பத்து நிமிடம் கையில் இருக்கும். லேசர் பிரிண்டர் சூடாகும்போது திடீரென்று நிறைய கரண்ட் இழுக்கும். ஒரு கே.வி.ஏ. மிஷினில் அதை மாட்டாதீர்கள். சிலர் இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனைக் கொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியது. வீட்டில் பகலில் இருக்கப் போகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த மிஷினில் எந்தக் கயிறும் ஒரே இழுப்பில் ஓடும், அதை நம்பாதீர்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். பட்டன் மாடல் என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, கயிற்றிலும் ஓடுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மாற்று பேட்டரி என்ன விலை, இதே ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கார்புரேட்டரை நாமே காலி செய்ய எந்தத் திருகைத் திறக்க வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாத கடையில் சர்வீஸும் அப்படித்தான் இருக்கும். பிறகு உங்கள் கையை எடுத்துவிட்டு, கூட வந்தவரை இழுக்கச் சொல்லுங்கள். மூன்று முறைக்குள் அவர் கையால் ஓடினால் பில் போடச் சொல்லலாம்.